நடந்தளந்த ஊர்: கிழக்கிலண்டன் யூதர் குடியிருப்பு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆவணக் காப்பகத்திலேயே தம் பணியைத் தொடங்குவர். அது முறையே. ஆயின் சில குடியிருப்புக்களைப் பொறுத்தவரையில் ஆவணம் கூறாது விட்டதைத் தெரு கூறும். இலண்டன் மாநகரின் கிழக்கே, பழைய நகர மதிலுக்கு வெளியே, வைற்சப்பல், ஸ்பிற்றல்பீல்ட்ஸ் என்னும் பகுதிகளில் 1881ஆம் ஆண்டுக்கும் 1914ஆம் ஆண்டுக்கும் இடையில் உருப்பெற்ற யூதர் குடியிருப்பு அத்தகையது. அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகையாளரும் பாராளுமன்ற உறுப்பினர் சிலரும் அதனைக் ‘கெற்றோ’ என்றனர். பிறரோடு கலக்க விரும்பாது தாமே ஒதுங்கி மொய்த்துக்கொண்ட அந்நியர் கூட்டம் என்பது அச்சொல்லினூடே அவர்கள் உணர்த்த விரும்பிய பொருள். இக்கருத்து நாளடைவில் ஒரு சட்டமாகவும் வடிவெடுத்தது. அது எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, அப்பகுதியைக் கால்நடையாகக் கடப்பவர் ஒரு முற்பகலுக்குள்ளேயே மதிப்பிட்டுக்கொள்ளலாம். அவ்வூரின் பரப்பைத் தீர்மானித்ததில் குலப்பற்றுக்கும் சமயப்பற்றுக்கும் பங்குண்டு. ஆனால் உழைத்துக் களைத்த மனிதர் நாள்தோறும் எவ்வளவு தூரம் நடக்க இயலும் என்ற எளிய கணக்குக்கு அதனினும் பெரிய பங்குண்டு.

இங்கிலாந்தின் யூதர் அனைவரையும் முதலாம் எட்வேட் மன்னன் 1290ஆம் ஆண்டில் நாடு கடத்தினான். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1656இல், குறொம்வெல்லின் ஆட்சிக் காலத்திலேயே அவர்கள் மீண்டும் வெளிப்படையாக அங்கு வாழ இடமுண்டாயிற்று. முதலில் வந்தோர் ஸ்பானிய, போர்த்துக்கேய மரபினரான வணிகர். அவர்கள் 1701இல் எழுப்பிய பெவிஸ் மாக்ஸ் ஜெப ஆலயம் இன்றும் நகர எல்லைக்குள் ஒரு முற்றத்தினுள்ளே ஒதுங்கி நிற்கின்றது. பிரித்தானியாவில் இடையறாது வழிபாடு நிகழ்ந்துவரும் ஜெப ஆலயங்களுள் அதுவே பழைமை வாய்ந்தது. அதன் பித்தளை விளக்குகளின் கீழ் அமர்ந்து வழிபட்டோரின் வரலாறு வேறு. இங்கு நாம் நோக்கும் மக்களின் வரலாறு வேறு.

ருஷ்யப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் 1881ஆம் ஆண்டு மார்ச்சில் கொலையுண்டான். அதனைத் தொடர்ந்து பேரரசின் தென்மேற்கு நகரங்களில் யூதர்மீது கொள்ளையும் கொலையும் கட்டவிழ்த்துவிடப்பட்டன. மறு ஆண்டு மே மாதத்தில் இயற்றப்பட்ட சட்டங்கள் யூதர் கிராமங்களிற் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. உயிரச்சத்தோடு பிழைப்பின்மையும் சேரவே 1914ஆம் ஆண்டளவில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது இலட்சம் யூதர் மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர். பெரும்பாலார் நாடிச் சென்றது அமெரிக்காவையே. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரித்தானியாவில் தங்கினர். அவருள்ளும் பெரும்பகுதியினர் தங்கியது இலண்டனின் கிழக்குப் புறத்தில்.

ஹம்பேர்க், பிறேமன், றொற்றர்டாம் முதலிய துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்கள் தேம்ஸ் நதியிலே நங்கூரமிட, கீழ்த்தட்டுப் பயணிகள் சிறு தோணிகளில் இறக்கப்பட்டு, இலண்டன் கோபுரக் கோட்டையின் அருகிலுள்ள அயன்கேற் படித்துறையிலே கரையேறினர். நடைப் பயணம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். படித்துறையிலிருந்து வடக்கு நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால் லெமன் வீதி. 1885ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற வறிய யூதர்க்கான தற்காலிகப் புகலிடம் விரைவில் இவ்வீதியிலேயே நிலைபெற்றது. இப்புகலிடத்தின் தோற்றம் சிந்தனைக்குரியது. முன்னர் வெதுப்பகக்காரர் ஒருவர், தம்மினத்து அகதிகள் தெருவிற் படுப்பதைப் பொறாது, தமது இடத்திலேயே அவர்களைத் தங்கவைத்தார். சுகாதாரக் கேடு எனக் காரணங்காட்டி அதனை மூடச் செய்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள் அல்லர்; இலண்டனில் நெடுங்காலம் வேரூன்றிய யூதப் பெருமக்களின் தரும சபையினரே. இலவசத் தங்குமிடம் மேலும் அகதிகளைக் கவர்ந்திழுக்கும் என அவர்கள் அஞ்சினர். புதியவரிடையே எழுந்த எதிர்ப்பின் பின்னரே, செல்வர் சிலரின் ஆதரவோடு, ஒழுங்கான புகலிடம் ஒன்று ஏற்பட்டது. அங்கும் பதினான்கு நாட்களே தங்கலாம். அதன்பின் வேலையும் அறையும் தேடிக்கொள்ள வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? அறை எங்கே கிடைக்கும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. லெமன் வீதியிலிருந்து மேலும் வடக்கே, வைற்சப்பல் பெருந்தெருவைக் கடந்து, சில நூறு யார் தூரத்துக்குள் அடங்கியிருந்தது அது. ஆயத்த ஆடைத் தொழில் அங்கே குடிசைத் தொழிலாக, மாடிகளிலும் நிலவறைகளிலும் நடந்தது. ஒருவர் துணியை வெட்டுவார், ஒருவர் ஓட்டுத்தையலிடுவார், ஒருவர் தையல் இயந்திரத்தை மிதிப்பார், ஒருவர் சூடேறிய ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவார், பொத்தான் துளைகளைப் பெண்கள் தைப்பர். வேலை பருவத்துக்குரியது. சில மாதங்கள் பதினாறு மணி நேர உழைப்பு, சில மாதங்கள் பட்டினி. வேலை வந்ததும் அழைத்தவுடன் ஓடிவரக்கூடிய தூரத்திலேயே தொழிலாளி வாழவேண்டியிருந்தது. தமது மொழியாகிய யிட்டிஷில் கட்டளையிடும் முதலாளியும், சனிக்கிழமை ஓய்வுநாளில் வேலை நிறுத்தும் பட்டறையும் வேறெங்கும் இல்லை. அம்முதலாளியும் பல சமயங்களில் தொழிலாளியைவிட ஓரிரு ஆண்டுகளே முன்வந்தவராய், அதே அறையில், அதே புழுக்கத்தில் உழைத்தார். பின்னாளில் வெப் அம்மையார் எனப் புகழ்பெற்ற பியற்றிஸ் பொற்றர் 1888ஆம் ஆண்டில் இத்தகைய பட்டறைகளிற் காற்சட்டை தைக்கும் பெண்ணாக வேடமிட்டு அமர்ந்து, தாம் கண்டவற்றைச் சாள்ஸ் பூத்தின் வறுமை ஆய்வுக்கு எழுதினார்.

இவற்றோடு சமய ஒழுக்கமும் சேர்ந்தது. ஓய்வுநாளில் வண்டியேறிச் செல்லுதல் ஆசாரமுடைய யூதருக்கு ஆகாது. ஆதலின் ஜெப ஆலயம் நடை தூரத்தில் இருத்தல் வேண்டும். விதிப்படி அறுத்த இறைச்சி விற்கும் கடை, சடங்கு நீராடுமிடம், பிள்ளைகள் எபிரேயம் கற்கும் அறை ஆகிய யாவும் அவ்வாறே. போலந்தின் அல்லது லித்துவேனியாவின் ஒரே ஊரிலிருந்து வந்தோர் ஒருங்குகூடி, ஒரு பின்னறையை வாடகைக்கெடுத்து வழிபாட்டுச் சங்கம் அமைத்தனர். அத்தகைய சிறு சங்கங்கள் பலவற்றை 1887இல் ஒரு கூட்டமைப்பாக்கியவர் வங்கியாளரும் வைற்சப்பல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருமாகிய சாமுவேல் மொன்ரேகு.

வைற்சப்பல் பெருந்தெருவிலிருந்து வடக்கே பிரியும் மிடில்செக்ஸ் வீதியை மக்கள் இன்றும் பெற்றிக்கோற் லேன் என்றே வழங்குகின்றனர். உள்ளாடையின் பெயர் தெருவுக்குப் பொருந்தாதென எண்ணிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாகரிகம் பெயரை மாற்றியது. சந்தைக்கு வருவோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கிறித்தவ நாடொன்றில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையாக அது பேர்பெற்றது, சனிக்கிழமை கடை திறவாத யூத வணிகரால் ஆகும். அதனின்று கிழக்கே திரும்பும் வென்வேத் வீதியில் செங்கல் வளைவு ஒன்று தனித்து நிற்கின்றது. நான்கு சதவீதக் கைத்தொழில் குடியிருப்புக் கம்பனி என்னும் பெயரும் 1886 என்னும் ஆண்டும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. றொத்சைல்ட் பிரபு முதலிய யூதச் செல்வர் அமைத்த கம்பனி அது. வறியவர்க்குச் சுகாதாரமான வீடு, பணமிட்டவர்க்கு நூற்றுக்கு நாலு வட்டி. தருமத்தையும் வட்டியையும் ஒரே கதவில் எழுதிவைத்த நேர்மையைப் பாராட்டலாம். அவ்வளைவினுள்ளே எழுந்த அடுக்குமாடிகள் 1970களில் இடிக்கப்பட்டன. வளைவு மட்டும் புதிய வீடுகளின் வாயிலாக எஞ்சியது.

இதே சந்துகளில்தான் 1888ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் பெண்கள் சிலர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். கொலையாளி பிடிபடவில்லை. ஆயினும் ஆங்கிலேயன் இத்தகைய செயலைச் செய்யான் என்ற பேச்சு எழுந்து, ஐயம் யூதர்மேற் பாய்ந்தது. யூதரைக் குறித்துக் கோல்ஸ்ரன் வீதிச் சுவரொன்றில் சோக்கட்டியால் எழுதப்பட்டிருந்த வாசகத்தைப் பொலிஸ் ஆணையாளர் சாள்ஸ் வொறன் விடியுமுன் அழிக்கச் செய்தார். தடயத்தை அழித்தார் என அவரைக் குறைகூறுவோர் இன்றும் உளர். விடிந்ததும் சந்தை கூடும் தெரு அது என்பதை நடந்து பார்த்தவர் அவ்வளவு எளிதாகக் குறைகூறார்.

சிறிது வடக்கே பெல் லேனில் இருந்த யூதர் இலவசப் பாடசாலையில் 1900ஆம் ஆண்டளவில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர். உலகின் மிகப் பெரிய பாடசாலை அதுவே என்றனர். யிட்டிஷ் பேசி உள்ளே நுழைந்த பிள்ளையை ஆங்கிலேயனாக வெளியே அனுப்புதல் அதன் நோக்கம். வீட்டுமொழி அங்கே மொழியாகவே கருதப்படவில்லை. களையவேண்டிய கொச்சையாகக் கருதப்பட்டது. அங்கே மாணவனாகவும் பின் ஆசிரியராகவும் இருந்த இஸ்ரயேல் சாங்வில் 1892இல் இப்பகுதியின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவலை எழுதி, ‘கெற்றோவின் பிள்ளைகள்’ எனப் பெயரிட்டார். நிந்தைச் சொல்லாக வழங்கிய ஒன்று இலக்கியத் தலைப்பாயிற்று. சாங்வில் அந்நாவலை எழுதியது ஆங்கிலத்தில். பாடசாலை தன் நோக்கத்தில் வெற்றி கண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே பொதுமொழி மெலிந்த வீடுகளின் கணக்கை எந்த அறிக்கையும் தரவில்லை.

புறூன் வீதியிலே யூத வறியோர்க்கான கஞ்சிச் சாலையின் முகப்பு உள்ளது. கிறித்தவ ஆண்டு 1902உம் எபிரேய ஆண்டு 5662உம் அதன் கல்லிற் பக்கம் பக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அண்மையிலுள்ள சாண்டிஸ் றோ ஜெப ஆலயம் பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தருக்காகக் கட்டப்பட்டது. ஒல்லாந்திலிருந்து வந்த யூதத் தொழிலாளர் 1870இல் அதனைத் தமதாக்கித் திறந்தனர். இங்குதான் யூதர்க்கு முன்னிருந்தோரின் தடம் முதன்முறையாக நடப்பவரின் கண்ணிற் படுகின்றது. பதினான்காம் லூயி மன்னன் 1685இல் சமய உரிமையைப் பறித்தபோது பிரான்சை விட்டோடிய ஹியூகனோற் மக்கள் ஸ்பிற்றல்பீல்ட்ஸிற் பட்டு நெய்தனர். தறிக்கு வெளிச்சம் வேண்டி அவர்கள் மேல்மாடியில் அகன்ற சாளரங்கள் வைத்தனர். தறிகள் போயின, அதே சாளரங்களின் ஒளியில் யூதத் தையற்காரர் ஊசி கோத்தனர்.

பிறின்ஸ்லற் வீதியின் 19ஆம் இலக்க வீடு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1719இல் எழுந்த அவ்வீட்டின் பின்தோட்டத்தை மூடி 1869இல் ஒரு ஜெப ஆலயத்தை அமைத்தனர். அதே தெருவில், யிட்டிஷ் நாடகம் நடைபெற்ற மன்றமொன்றில், 1887 சனவரி 18ஆம் நாள் இரவு ‘நெருப்பு’ என எவரோ கூவினர். நெருப்பு எதுவும் இல்லை. வாயில் நோக்கி நெருக்கியதில் பதினேழு பேர் மிதிபட்டிறந்தனர். அந்நாடகக் குழுவின் பெருநடிகரான யாக்கோபு அட்லர் விரைவிலே அமெரிக்கா சென்றார். கலையை வெறுத்த ஆசாரவாதிகளும், யிட்டிஷை வெறுத்த செல்வரும் அம்மன்றத்துக்காகப் பெரிதும் வருந்தினர் எனக் கொள்வதற்கில்லை.

பிறிக் லேனும் பூர்னியர் வீதியும் சந்திக்கும் மூலையில் நிற்கும் கட்டடம் பலராலும் எழுதப்பட்டது. 1743இல் ஹியூகனோற் ஆலயம். 1819இல் மெதடிஸ்த ஆலயம். 1898இல் ஆசாரமிக்க யூதரின் பெரிய ஜெப ஆலயம். 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். இதனைச் சமய நல்லிணக்கத்தின் சின்னமாகக் காட்டுவோர் உளர். அக்கூற்று அளவு கடந்தது. முன்னவர் பின்னவரை அழைத்துக் கையளித்த இடமன்று அது; ஒருவர் வெளியேறிய பின்னரே மற்றவர் நுழைந்தனர். ஒரே செங்கற் கூடு இத்தனை கைமாறியது ஏன் என்பதே வினா. துறைமுகத்துக்கு அண்மை, குறைந்த வாடகை, தையற்றொழில் என்னும் மூன்றும் யூதரை அங்கே கொணர்ந்தன. சில்ஹெட் மாவட்டத்திலிருந்து கப்பற் பணியாளராய்த் தொடங்கி வந்தோரையும் அவையே கொணர்ந்தன. ‘ஒதுங்கி வாழும் இயல்பு’ எந்தக் குலத்துக்கும் பிறவிக்குணமன்று என்பதை அம்மூலை காட்டுகின்றது.

ஆயின் 1900ஆம் ஆண்டளவிற் பிறவிக்குணம் என்ற வாதமே வென்றது. அவ்வாண்டு வெளிவந்த கிழக்கிலண்டன் படமொன்று, யூதர் மிகுந்த தெருக்களுக்கு நீல நிறமும் ஏனையவற்றுக்குச் செந்நிறமும் இட்டது. சில தெருக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் யூதரைக் கொண்டு கருநீலமாயின. வாடகை ஏற்றத்துக்கும் வேலையின்மைக்கும் வந்தேறிகளே காரணம் எனப் பிரித்தானிய சகோதரர் கழகம் 1902 சனவரியில் மைல் எண்ட் மக்கள் மாளிகையிற் பெருங்கூட்டம் கூட்டியது. ஸ்ரெப்னி தொகுதி உறுப்பினர் எவன்ஸ் கோர்டன் அவ்வியக்கத்தின் குரலானார். அரச ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. 1905இல் பல்பர் பிரதமராயிருந்தபோது அந்நியர் சட்டம் நிறைவேறியது. அமைதிக் காலத்திற் குடிவரவைக் கட்டுப்படுத்திய முதலாவது நவீன பிரித்தானியச் சட்டம் அதுவே. சமய, அரசியற் கொடுமைக்குத் தப்பி வருவோர்க்கு அது விலக்களித்தது. எனினும் சோதனைக்குட்பட்டோர் கப்பலின் கீழ்த்தட்டுப் பயணிகள் மட்டுமே. மேல்வகுப்புச் சீட்டோடு வந்த அந்நியர் சட்டத்தின் கண்ணில் அந்நியராய்த் தோன்றவில்லை!

அதே 1905ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்ற இளைஞர் லெனாட் வூல்ஃப் இலண்டன் யூதரே. வழக்கறிஞரின் மகனாய்ப் பிறந்து, கேம்பிறிட்ஜிற் பயின்று, பேரரசின் அதிகாரியாக இலங்கை வந்தவர் அவர். நாம் அறிந்த அந்த யூதருக்கும் லெமன் வீதியில் மூட்டையோடு நின்ற யூதருக்கும் இடையே இருந்த தூரம் மதத்தால் அளக்கத்தக்கதன்று.

வைற்சப்பல் பெருந்தெருவுக்குத் திரும்பினால் 1892இல் திறக்கப்பட்ட பொது நூல்நிலையத்தின் கட்டடமும், அதனையடுத்து 1901இல் எழுந்த ஓவியக்கூடமும் உள்ளன. குளிருக்கு வெப்பமும் படிப்பதற்கு மேசையும் கிடைத்த அந்நூல்நிலையத்தை மக்கள் ‘கெற்றோவின் பல்கலைக்கழகம்’ என்றனர். ஓர் அறைக்குள் ஆறேழு பேர் உறங்கும் வீட்டிலிருந்து வந்த இளைஞர்க்கு அது வேறெப்படித் தோன்றியிருக்கும்? கவிஞர் ஐசாக் றோசன்பேர்க், ஓவியர்கள் மார்க் கேட்லர், டேவிட் பொம்பேர்க் ஆகியோர் அங்கே கூடியவர்கள். றோசன்பேர்க் 1918 ஏப்பிரல் முதலாம் நாள் பிரான்சின் போர்முனையில் மாண்டார். போலந்திற் பிறந்து சிறுவனாய் வந்த ஜேக்கப் புறொனோவ்ஸ்கி அங்கிருந்த நூல்களைக் கொண்டே ஆங்கிலம் பயின்று விஞ்ஞானியானார். 2005இல் நூல்நிலையம் இடம்பெயர, 2009இல் அக்கட்டடம் ஓவியக்கூடத்தோடு இணைந்தது.

எதிரே ஒரு சிறு பூங்கா. பகுதிக்கே பெயரளித்த வெள்ளைத் தேவாலயம் நின்ற இடம் அது. 1940ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அழிந்தது. வங்காள ஆடைத் தொழிலாளி அல்தாப் அலி 1978 மே 4ஆம் நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்புகையில், இனவெறியரால் இதனருகே கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் ஆயிரக்கணக்கானோர் அவரது சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம்வரை நடந்தனர். 1998இல் பூங்கா அவர் பெயர் பெற்றது.

சற்றே கிழக்கிலுள்ள பீல்ட்கேற் வீதியின் ஜெப ஆலயம் 1899இல் எழுந்தது. 1985இல் திறக்கப்பட்ட கிழக்கிலண்டன் பள்ளிவாசலின் கட்டடங்கள் காலப்போக்கில் அதனை மூன்று பக்கமும் சூழ்ந்தன. வழிபடுவோர் அருகிய நிலையில் 2015இல் பள்ளிவாசல் நிருவாகமே அதனை விலைக்கு வாங்கியது. யூதர் எங்கே போயினர்? ஹிட்லரின் குண்டுகள் சில தெருக்களை அழித்தன. ஆனால் குடியிருப்பு கலையத் தொடங்கியது அதற்கு முன்னரே. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் எழுதுநராயினர், ஆசிரியராயினர், கடை முதலாளிகளாயினர். நிலக்கீழ்ப் புகையிரதமும் பேருந்தும் ஹக்னி, இல்போர்ட், கோல்டர்ஸ் கிறீன் ஆகிய இடங்களை அண்மையாக்கின. வேலைக்கு நடந்தே செல்லவேண்டிய கட்டாயம் நீங்கியதும் நடையால் அளக்கப்பட்ட ஊரும் நெகிழ்ந்தது. ஒதுங்கி வாழ்தலே அவர்தம் விருப்பாயின் ஒரே தலைமுறையில் இவ்வாறு பரவிச் சென்றிரார். கொமேர்ஷல் வீதியில் 1903இல் நிறுவப்பட்ட யாக்கோபு சபை போன்ற ஓரிரு ஜெப ஆலயங்களே அங்கு வழிபாட்டைத் தொடர்ந்து காத்துவந்தன.

கொமேர்ஷல் வீதியைக் கடந்து தெற்கே இறங்கினால் கேபிள் வீதி. 1900ஆம் ஆண்டுப் படத்தின் நீலம் இங்கே செம்மையாக மாறத்தொடங்கும். துறைமுகத்தில் உழைத்த ஐரிஷ் கத்தோலிக்கரின் பகுதி இது. இரு சாராரும் நட்போடு வாழ்ந்தனர் எனக் கூறவியலாது. 1912ஆம் ஆண்டில் யூதத் தையற்றொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அவர்களை வழிநடத்தியவர் யூதரல்லாத ஜேர்மனியர் றுடோல்ப் றொக்கர். யூதத் தொழிலாளர்க்காகவே யிட்டிஷ் கற்று, அம்மொழியிற் பத்திரிகை நடத்தியவர். அதே வேளையில் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நீடித்துப் பட்டினியில் முடியும் நிலையிலிருந்தது. அவர்களின் பிள்ளைகள் முந்நூறுக்கு மேற்பட்டோரை யூதக் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்று உணவளித்தன என றொக்கர் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார்.

இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1936 ஒக்ரோபர் 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்வல்ட் மோஸ்லி தம் கருஞ்சட்டைப் பாசிசப் படையோடு இப்பகுதியினூடே அணிவகுத்துச் செல்ல முனைந்தார். தடைசெய்யுமாறு கோரி ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஒப்பமிட்ட மனுவை அரசு ஏற்கவில்லை. வீட்டுக்குள் இருங்கள் என யூதத் தலைமைச் சபை அறிவுரை கூறியது. மக்கள் கேட்கவில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொலிசார் ஊர்வலத்துக்கு வழி திறக்க முயன்றபோது, கேபிள் வீதியில் வண்டியும் மரமும் மெத்தையும் குவித்துத் தடையிட்டவர்களுள் யூதரோடு ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் நின்றனர். 1912இன் நன்றிக்கடன் எனக் கூறுவோர் பலர். வேலையின்மை, தொழிற்சங்கம், பொதுவுடைமைக் கட்சியின் உழைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே எண்ணுதல் தகும். எனினும் யூத வீட்டில் உண்ட பிள்ளை 1936இல் முப்பது வயதை அடைந்திருப்பான் என்பதை மறத்தலும் தகாது. பொலிஸ் ஆணையாளர் பிலிப் கேம் மோஸ்லியை மேற்கே திரும்பிச் செல்லுமாறு பணித்தார்.

அடுத்த ஞாயிறன்றே மைல் எண்ட் வீதியில் யூதர் கடைகளின் கண்ணாடிகளை இளைஞர் கும்பல் நொறுக்கியது. 1937 மார்ச்சில் நடந்த இலண்டன் மாவட்டசபைத் தேர்தலில், வடகிழக்குப் பெத்னல் கிறீனில் மோஸ்லியின் கட்சி ஏறத்தாழ 23 சதவீத வாக்குப் பெற்றது. ஆசனம் எதுவும் கிட்டவில்லை. கேபிள் வீதியின் வெற்றியைப் பாடுவோர் இவ்விரு செய்திகளையும் விழுங்கிவிடுவதுண்டு.

வீதியின் கிழக்கே, பழைய சென் ஜோர்ஜ் நகர மண்டபத்தின் பக்கச் சுவர் முழுவதும் அந்நாளின் ஓவியம் தீட்டப்பட்டுள்ளது. 1979இல் தொடங்கிய வேலையை 1982இல் வலதுசாரி வெறியர் வண்ணம் வீசிச் சிதைத்தனர். ஓவியர்கள் மேற்பகுதியைத் திருத்திக் கீழ்ப்பகுதியைப் புதிதாக வரைந்து 1983இல் முடித்தனர். தடையரணின் முன்னே பொலிஸ் குதிரைகள் மிரண்டெழுகின்றன. மாடிச் சாளரத்திலிருந்து பெண்ணொருத்தி கைக்கெட்டிய பாத்திரத்தைக் கவிழ்க்கின்றாள். அச்சுவரின் முன்னுள்ள நடைபாதை வழியே மேற்கே ஒரு மைல் நடந்தால் அயன்கேற் படித்துறை இருந்த இடத்தை அடையலாம்.